கவ்வும் பெடலும் கவ்வாத வாதமும்

சென்ற இதழில் மலைச் சைக்கிள் பெடலைப் பற்றி வந்த கட்டுரையைப் படிக்கத் தொடங்கியபோது அதை அங்கதம் என்றே எடுத்துக்கொண்டேன். ஷூவைப் பெடலில் பூட்டாதவன் மலைச் சைக்கிள்காரனே அல்ல, தட்டைப் பெடல் குழந்தைகளுக்கும் கோழைகளுக்கும் உரியது, கிளிப்லெஸ் பெடலுக்கு மாறுவது சவாரியில் மறுபிறப்பு என்றெல்லாம் ஒருவர் நெற்றி சுருங்காமல் எழுதிக்கொண்டே போவார் என்று இந்த இதழின் வாசகர் எவர்தான் எதிர்பார்த்திருப்பார்? பத்திகள் நகர நகர, கண்சிமிட்டல் எங்கும் தென்படவில்லை. ஆக, மனிதர் மெய்யாகவே சொல்கிறார். மெய்யாகச் சொன்னவருக்கு மெய்யாகவே பதில் சொல்வதுதான் முறை.

கண்டனம் எழுதுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. புதுச்சேரிப் பக்கத்துத் தவளக்குப்பம் நாற்சந்தியில் கடலூர் பஸ்ஸைப் பிடித்தால் அரை மணியில் மஞ்சக்குப்பம். அருட்பாவா மருட்பாவா என்று வள்ளலார் தரப்பும் ஆறுமுக நாவலர் தரப்பும் மோதிக்கொண்ட விவகாரம் நீதிமன்றப் படியேறியது அங்கேதான். அந்தச் சண்டையில் எவ்வளவு காரம் இருந்தாலும், எதிராளி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் திட்டினார்கள். நம் கட்டுரையாளர் தம் கருத்துக்கு எதிரான ஒரு வரியையாவது படித்ததற்கான தடயம் இல்லை. நூல் எழுதுகிறவனுக்கு நன்னூலார் ஏழு மதங்களை வகுத்துக் கொடுத்தார்: பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, ஏற்பதுபோல் ஏற்றுப் பிறகு களைவது என்று நீளும் அந்தப் பட்டியலில் கடைசியாக நிற்பது, எவரோடும் ஒட்டாமல் தன் கொள்கையைத் தானே பிடித்துக்கொண்டு நிற்பது. இவர் ஏழாவதில் தொடங்கி ஏழாவதிலேயே முடித்துவிட்டார். பாக்கி ஆறுக்கும் கட்டுரையில் இடம் போதவில்லை போலும். அவர் ஏறிய மலைகளின் படங்களுக்கு மட்டும் தாராளமாக இடம் இருந்திருக்கிறது.

கொள்கைக்கு ஒரு பெயர் வேண்டும். பூட்டுவாதம் என்று வைத்துக்கொள்வோம். ஷூவின் அடியில் திருகிய கிளீட் என்ற சிறு உலோகத் துண்டைக் கிளிப்லெஸ் பெடலின் வில் கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். பொருள் இவ்வளவுதான். நல்ல பொருள். அது எனக்கும் உதவியிருக்கிறது, இன்னும் உதவுகிறது. ஆகவே இது கிளிப்லெஸ் பெடலுக்கு எதிரான வழக்கு என்று எவரும் தாவ வேண்டாம். ஒரு கருவியைக் குலச்சின்னமாக்கிய வாதத்தின்மேல் தொடுக்கும் வழக்கு இது.

பூட்டுவாதத்தின் முதல் தூண், சக்தி. தட்டைப் பெடலில் கால் கீழே மிதிக்க மட்டுமே செய்கிறது, மேலே வரும் பாதிச் சுற்று வீண், பூட்டிய காலோ மேலேயும் இழுத்து வட்டத்தை நிறைவாக்குகிறது என்கிறார். வட்டத்தில் பாதி கீழ்நோக்கியும் பாதி மேல்நோக்கியும் போகிறது என்பதில் யாருக்கு மறுப்பு? ஆனால் பாதிச் சுற்று போனால் பாதிச் சக்தி போயிற்று என்ற கணக்கை அவர் எங்கே பிடித்தார்? அளந்தாரா, அளந்தவர்களைப் படித்தாரா, அல்லது காகிதத்தில் வட்டம் வரைந்து நடுவே ஒரு கோடு கிழித்துப் பார்த்தாரா? இரண்டு கிராங்கும் ஒரே அச்சில் எதிரெதிராக நிற்பவை. வலது கால் மிதிக்கும்போது இடது காலை அச்சே மேலே கொண்டுவருகிறது. மிதிக்கிற வேலையைச் செய்பவை பிட்டத்துத் தசையும் தொடையின் முன்தசையும், உடம்பிலேயே பெரியவை. மேலே இழுக்கிற வேலையோ இடுப்பை மடக்கும் சிறிய தசைகளின் தலையில் விழுகிறது. பெரிய ஆள் சும்மா நிற்க, சின்னவனைக் கூப்பிட்டு மூட்டை தூக்கச் சொல்லும் இந்த நிர்வாகத்துக்குத்தான் அவர் முழுமை என்று பெயர் சூட்டியிருக்கிறார்.

இதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை; ஆய்வுக்கூடங்களில் அளந்திருக்கிறார்கள். 2007இல் தாமஸ் கார்ஃபும் அவருடைய சகாக்களும் சைக்கிள் வீரர்களை வழக்கப்படி மிதிக்கச் சொல்லியும், வட்டமாகச் சுற்றச் சொல்லியும், வேண்டுமென்றே மேலே இழுக்கச் சொல்லியும், அழுத்தி மிதிக்கச் சொல்லியும் பார்த்தார்கள். இழுத்தபோது விசை கிராங்கில் செலுத்தப்பட்ட விதம் பார்வைக்கு அழகாயிற்று. உடம்பு செலவழித்த சக்திக்குக் கிடைத்த பலனோ குறைந்தது. 2008இல் மோர்னியூ குழுவினர் பெடலின் வகையையே மாற்றிப் பார்த்தார்கள். ஆக்சிஜன் செலவு பெடலுக்குப் பெடல் மாறவில்லை, வலிந்து இழுத்தபோதுதான் திறன் சரிந்தது. 2016இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ராவும் கிராமும் சாதாரண ஓட்டக்கார ஷூவையும் தட்டைப் பெடலையும் ஒரு பக்கம், விறைத்த அடியுள்ள கிளிப்லெஸ் ஷூவை மறு பக்கம் நிறுத்தினார்கள். சீரான வேகத்தில் உடம்பின் செலவு இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தது. இவற்றுக்கெல்லாம் வெகு முன்னரே, 1991இல், எட்வர்ட் காய்ல் குழு உயர்மட்ட வீரர்களை அடுத்த மட்டத்தவரோடு ஒப்பிட்டபோது முன்னவரைத் தனித்துக் காட்டியது அவர்கள் கீழ்நோக்கி மிதித்த மிதியின் வலுதான். மேலே இழுக்கும் வித்தை அந்தப் பட்டியலில் இடம்பிடிக்கவில்லை. அத்தனை ஆண்டுகளாகக் கிடக்கும் செய்தி நம் கட்டுரையாளரின் கண்ணில் படாததற்குக் காரணம் என்ன? மேலே இழுத்துக்கொண்டே இருந்ததில் கீழே பார்க்க நேரமில்லையோ?

இந்த இடத்தில் அவருக்கு ஓர் உபகாரம் செய்ய வேண்டியிருக்கிறது. பூட்டுவாதத்துக்கு உண்மையிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. அவருக்குத் தெரியாததால் நானே எடுத்துக் கொடுக்கிறேன். மேலே சொன்ன அளவீடுகள் சீரான வேகத்தில் எடுக்கப்பட்டவை. 2020இல் அதே கிராம், பர்ன்ஸ் என்பவரோடு சேர்ந்து, குறுகிய தூரத்தை உயிரைக் கொடுத்து விரட்டும் வேகத்தை வெளியிடத்தில் அளந்தபோது, பூட்டிய காலுக்குக் கூடுதல் உச்ச சக்தி கிடைப்பதைக் கண்டார்கள். ஆக, பந்தயத்தில் கடைசித் திருப்பத்தில் முந்துகிறவருக்கும், செங்குத்தான சிறு ஏற்றத்தை எழுந்து நின்று தாண்டுகிறவருக்கும் பூட்டு பயன் தரும். அந்தச் சில வினாடிகளை எடுத்து நாள் முழுக்கப் பூசுவதுதான் பம்மாத்து. எதிராளியின் வாதத்தை அவரைவிட நன்றாகச் சொல்லிவிட்டு மறுக்க வேண்டியிருப்பது, எழுதுகிறவனுக்குப் பெருமை. எழுத வைத்தவருக்கு என்ன என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

இரண்டாவது தூண், சரித்திரம். புதுச்சேரிக்காரன் பிரெஞ்சுப் பெயர் கேட்டால் தலையாட்டிவிடுவான் என்ற நம்பிக்கையில், பெர்னார் ஈனோவை இழுத்து வருகிறார்: 1985இல் ஈனோ லுக் பெடலில் காலைப் பூட்டிக்கொண்டு ஐந்தாம் முறையாக டூர் டி பிரான்ஸை வென்றார், ஆகவே விவாதம் முடிந்தது என்கிறார். வென்றது உண்மை. அவர் சொல்லாமல் விட்ட உண்மை இரண்டு. ஒன்று, பனிச்சறுக்குக் கட்டுகளைச் செய்துவந்த லுக் நிறுவனத்தை அப்போது கையில் வைத்திருந்தவர் பெர்னார் தாப்பீ. ஈனோ ஓட்டிய லா வீ கிளேர் அணியின் முதலாளியும் அதே தாப்பீ. பெடல் கம்பெனிக்காரர் தம் அணிவீரர் காலில் தம் பெடலை மாட்டியதை, ஞானி ஒருவர் தவத்தில் கண்டெடுத்த தத்துவமாக நமக்கு விற்க வேண்டுமா? இரண்டு, அது தார்ச்சாலைப் பந்தயம். லுக்கின் அந்தக் கிளீட் மூன்று திருகாணியில் ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பது. அதைப் போட்டுக்கொண்டு பத்தடி நடந்தால் கால் வழுக்கும், மண் ஏறினால் பூட்டு விழாது. மலைச் சைக்கிளுக்கு அது உதவாது என்பதால்தான் 1990இல் ஷிமானோ எஸ்.பி.டி. என்ற இரட்டைத் திருகாணி முறையைக் கொண்டுவந்தது. ஷூவின் அடிக்குள் பதுங்கிக் கிடக்கும் சின்னக் கிளீட், இரு பக்கமும் மாட்டக்கூடிய பெடல் என்று எல்லாம் ஒரே ஒரு கவலையிலிருந்து பிறந்தவை: மலைப்பாதையில் மனிதன் இறங்க வேண்டியிருக்கும், நடக்க வேண்டியிருக்கும், சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டியிருக்கும். மலைச் சைக்கிளின் கிளிப்லெஸ் பெடல், இறங்குகிறவனை மனத்தில் வைத்து உருவான பொருள். இறங்குவதையே அவமானம் என்று எழுதுகிறவர் அதற்கு வக்காலத்து வாங்குவதைவிடப் பெரிய முரண் வேறென்ன?

வெல்லும் வீரர்கள் எல்லோரும் பூட்டுகிறார்கள் என்ற வாக்கியமும் வருகிறது. எல்லோரும்? ஆஸ்திரேலியாவின் சாம் ஹில், தட்டைப் பெடலில் 2006, 2007, 2010 ஆகிய ஆண்டுகளில் மலையிறங்கு பந்தய உலகச் சாம்பியன். அதோடு நில்லாமல், ஏற்றமும் இறக்கமும் கலந்த எண்டியூரோ உலகத் தொடரையும் 2017, 2018, 2019 என மூன்றாண்டு தொடர்ந்து அதே தட்டைப் பெடலில் வென்றவர். குழந்தைகளுக்கும் கோழைகளுக்கும் உரிய பெடலில் ஆறு உலகப் பட்டங்கள்! இவர் எந்த வகை? குழந்தையா, கோழையா? அவசரப்பட்டு நானும் எதிர்ப்பக்கம் சரிய மாட்டேன்: குறுக்குநாட்டுப் பந்தயத்தில் முன்னணியினர் ஏறக்குறைய அனைவரும் பூட்டியே ஓட்டுகிறார்கள், அங்கே அதற்குக் காரணமும் இருக்கிறது. சாம் ஹில்லுக்கும் பெடல் கொடுக்கவும் ஷூ கொடுக்கவும் ஸ்பான்சர்கள் இருந்தார்கள். வீரர்களின் கால்களை எண்ணிச் சித்தாந்தம் கட்ட முடியாது என்பதுதான் இதன் பொருள். ஓர் எதிர்ச்சான்றில் உதிர்ந்துவிடும் ‘எல்லோரும்’ என்ற சொல்லை எழுதுவதற்கு முன் மனிதன் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

மூன்றாவது தூணான பாதுகாப்பில்தான் கட்டுரை தன்னைத்தானே கடித்துக்கொள்கிறது. மூன்றாம் பத்தியில், பூட்டிய கால் எந்தக் குலுக்கலிலும் பெடலை விட்டு விலகவே விலகாது என்கிறார். ஆறாம் பத்தியில், ஆபத்து வந்தால் கால் தானாக வெளியே வந்துவிடும், பயம் வேண்டாம் என்கிறார். விலகவே விலகாத கால் தானாக வெளியே வருவது எப்படி? வில்லின் இறுக்கத்தை ஒரு சின்ன ஆலன் சாவியால் கூட்டலாம் குறைக்கலாம், கூட்டினால் பிடி அதிகம் விடுதலை குறைவு, குறைத்தால் மறுதலை என்ற எளிய விவரத்தைச் சொல்லியிருந்தால் முரண் தீர்ந்திருக்கும். சொல்லவில்லை, சொன்னால் பூட்டுவாதம் ஒரு சமரசமாகிவிடும், சமரசத்தில் மறுபிறப்பு ஏது?

இதைவிட ருசியான முரண் ஒன்று ஒன்பதாம் பத்தியில். புதிதாகப் பழகுகிறவர் எஸ்.எச். 51 கிளீட்டை விட்டுவிட்டு எஸ்.எச். 56 கிளீட்டைப் போட வேண்டுமாம். சரியான யோசனை, முன்னது குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடும், பின்னது பல திசைகளிலும் விடும், பதறி இழுத்தாலும் விட்டுவிடும். அடுத்த வரியிலேயே, பழகுகிறவர் முதல் நாளிலிருந்தே பெடலை மேல்நோக்கி வலுவாக இழுத்துப் பழக வேண்டும் என்கிறார். வலுவாக மேலே இழுத்தால் கழன்றுகொள்வதற்காகவே செய்த கிளீட்டை மாட்டிக்கொண்டு, வலுவாக மேலே இழுக்கச் சொல்கிறார்! இரண்டு வாக்கியங்களுக்கு இடையே ஒரு முற்றுப்புள்ளிதான் இருக்கிறது. அந்த முற்றுப்புள்ளியைத் தாண்டுவதற்குள் தான் எழுதியதை மறந்துவிடுகிறவரிடம் யார் கிளீட் திருகக் கற்றுக்கொள்வது?

சைக்கிளும் சவாரிக்காரனும் இரண்டற்ற ஒன்றாகிவிடும் அனுபவம் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறார். ஆகட்டும். சைக்கிள் சாயும்போதும் அந்த அத்வைதம் நீடிக்கும் என்பதை மட்டும் ஏன் விட்டுவிட்டார்? எங்கள் பக்கம் சவாரி எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கட்டுரையில் பாகூர் ஏரியின் பெயரைச் சொல்லியிருக்கிறாரே. தவளக்குப்பத்திலிருந்து அபிஷேகப்பாக்கம் வழியாகப் பாகூர் போகிற பாதையில், அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. மீதிப் பாதியில் டிராக்டர் வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு நாய் தன் முடிவை மாற்றிக்கொள்கிறது. ஏரிக்கரையில் ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் கருவேல முள். நல்லவாடு பக்கம் கடற்கரை மணலில் முன்சக்கரம் சட்டென்று புதையும். வேகம் ஒரு நொடியில் செத்துப்போகும். இங்கே விழுகிறவன் வேகத்தில் விழுவதில்லை, நின்ற நிலையில் விழுகிறான். ஒரு காலைத் தரையில் ஊன்றுவதற்குள் சைக்கிள் சாய்ந்துவிடுவதால் விழுகிறான். மலைச்சரிவில் கால் நழுவுவதைத் தடுப்பது ஒரு பாதுகாப்பு என்றால், நெல்லுக்கும் டிராக்டருக்கும் நடுவே கால் உடனே தரை தொடுவதும் ஒரு பாதுகாப்பு. முதலாவதை மட்டும் எண்ணி இரண்டாவதை விட்டுவிடும் கணக்குக்கு என்ன பெயர்?

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாகூர் களிமண் ஷூவின் அடியில் ஒட்டினால், கிளீட் இருக்கும் குழி நிரம்பி, பெடலைத் தேடிக் கால் தட்டிக்கொண்டே இருக்கும். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் எங்கள் கரையைக் கடந்தது. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அந்த வண்டலில் எந்த வில் எதைக் கவ்வும்? கட்டுரையாளரின் மலை எப்போதும் காய்ந்தே கிடக்கிறது. அவர் படங்களில் ஷூ எப்போதும் புதிதாகவே இருக்கிறது. சேறு படாத ஷூவை வைத்துக்கொண்டு சேற்றுப் பாதைக்குச் சட்டம் எழுதுகிறார்.

நான்காவது தூண், விலை. மலிவான பெடல் பொய்ப் பெடல் என்பது அவருடைய பொன்மொழி. ஷிமானோவின் எளிய எம்520 ஒரு ஜோடி சுமார் 380 கிராம். அதே நிறுவனத்தின் உச்சியில் நிற்கும் எக்ஸ்.டி.ஆர். ஜோடி சுமார் 310 கிராம். இரண்டும் கவ்வுவது ஒரே கிளீட்டை, ஒரே முறையில். இடைப்பட்ட எழுபது கிராம், வழியில் குடிக்கும் நாலு மிடறு தண்ணீர். எடை குறைந்ததில் அச்சும் தாங்கியும் நயமாக இருக்கும் என்பது உண்மை. பந்தயக்காரருக்கு அது பொருட்படும். ஞாயிற்றுக்கிழமை காலை செம்மண் பள்ளத்துக்குப் போய்வருகிறவருக்கு? டைட்டானிய அச்சுள்ள சில பெடல்களுக்குச் சவாரிக்காரரின் எடையில் வரம்பு உண்டு என்ற செய்தியை அவர் எழுதவில்லை. எங்கள் உப்புக்காற்றில் வில்லும் திருகாணியும் துருப்பிடிக்கும், மாதம் தவறாமல் துடைத்து எண்ணெய் விட வேண்டும் என்பதையும் எழுதவில்லை. விலையைப் பற்றி எழுதியவர் பராமரிப்பைப் பற்றி எழுதாதபோது, அவர் வாங்குகிறவர் பக்கம் நிற்கிறாரா, விற்கிறவர் பக்கம் நிற்கிறாரா?

கேள்விக்கு விடையைக் கட்டுரையே கடைசிப் பத்தியில் தருகிறது. அவர் நடத்தும் வார இறுதிப் பயிற்சி முகாமில் ஷூ, பெடல், கிளீட் மூன்றும் சேர்த்து ஒரே கட்டணத்தில் கிடைக்குமாம். அடடா, மறுபிறப்புக்கு ரசீது கொடுக்கிறார்கள்! வியாபாரம் பாவமில்லை, கடைக்காரர் தம் சரக்கைப் புகழ்வதில் ஒரு நேர்மை உண்டு, அவர் கடையில் உட்கார்ந்துகொண்டு புகழ்கிறார். கடையை மறைத்துவிட்டு மடத்திலிருந்து பேசுவதுதான் கூடாது.

ஆனால் பணம்தான் முழுக் காரணம் என்று நினைத்தால் அவரைக் குறைத்து எடைபோட்டவர்களாவோம். கட்டுரையில் இன்னோர் இடம் இருக்கிறது, அங்கேதான் உள்நோக்கம் வாயைத் திறக்கிறது: செருப்புக் காலோடு மிதிக்கிறவர்களால்தான் நம் நாட்டில் சைக்கிளுக்கு மதிப்பில்லாமல் போயிற்று என்ற வாக்கியம். அப்படியா? வீராம்பட்டினத்திலும் நல்லவாட்டிலும் மீன் கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்புகிறவர் எந்தக் காலோடு மிதிக்கிறார்? கேன் கேனாகப் பால் மாட்டிக்கொண்டு வரப்பு வழியே வருகிறவர்? அவர் எடுத்துவரும் பாரத்தையும் அவர் ஓட்டும் பாதையையும் நம் கட்டுரையாளர் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கட்டும், பூட்டியோ பூட்டாமலோ. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் கொடுத்த ஊக்கத்தில், பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்கள் காலில் என்ன கிளீட் இருந்தது? சைக்கிளுக்கு இந்த மண்ணில் மதிப்பு எப்போதாவது கூடியதென்றால் அவர்கள் பழைய சைக்கிளில் ஏறிய நாளில்தான் கூடியது. ஷூ பெடலில் விழும் ‘டக்’ என்ற அந்த ஓசையை இவ்வளவு பரவசமாக ஏன் வர்ணிக்கிறார் என்பது இப்போது விளங்குகிறதா? அந்த ஓசை கேட்கும் வட்டத்துக்குள் அவர், கேட்காத வட்டத்துக்குள் மீன்காரர். சக்தி, சரித்திரம், பாதுகாப்பு, விலை என்று அவர் எழுப்பிய நாலு தூணும் இந்த ஒரு மேடையைத் தாங்கத்தான்.

பரபக்கத்தோடு நிறுத்தினால் அருணந்தி சிவாச்சாரியார் மரபுக்குப் பொருந்தாது. பிறர் கொள்கையை மறுத்தவன் தன் சுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெடல் தேர்வைத் தரையிலிருந்து தொடங்க வேண்டும். பாகூர், வில்லியனூர், ஊசுட்டேரி என்று நின்று நின்று போகிற சவாரிக்கு, முள்ளாணி வைத்த அகலமான தட்டைப் பெடலும், அடி மிருதுவாக ஒட்டும் ரப்பர் ஷூவும் போதும். ஆணி கணைக்கால் எலும்பைக் கீறும் என்பதையும் ஒளிக்க மாட்டேன். ஆரோவில் மேட்டின் செம்மண் பள்ளங்களில் குதிக்கவும் தாவவும் பழகுகிறவருக்கும் தட்டைப் பெடலே நல்ல ஆசான். பூட்டிய காலோடு சைக்கிளை வெறுமனே இழுத்துத் தூக்கிவிடலாம், தட்டைப் பெடலில் உடம்பின் அசைவைச் சரியாகக் கற்றால்தான் சக்கரம் எழும். ஜவ்வாது மலைக்கோ கல்வராயன் மலைக்கோ நீண்ட ஏற்றம் ஏறப் போகிறவர், பதின்மூன்றரை மணி நேரத்தில் 200 கிலோமீட்டர் முடிக்க வேண்டிய பிரெவே என்ற நெடுந்தூரச் சவாரி போகிறவர், குலுங்கும் சரிவில் கால் எழும்பித் தவிக்கிறவர் ஆகியோர் எஸ்.பி.டி. முறைக்கு வரலாம், இரு பக்கமும் மாட்டக்கூடியதாக, கிளீட் எங்கும் கிடைக்கக்கூடியதாக, வில்லை முற்றிலும் தளர்த்தி, எஸ்.எச். 56இல் தொடங்கி, மேலே இழுக்கும் உபதேசத்தைக் காதில் வாங்காமல்.

சேறுதான் பிரச்சினை என்றால் கிராங்க்பிரதர்ஸின் எக்பீட்டர் போல் நாலு பக்கமும் மாட்டும் திறந்த அமைப்பு களியை எளிதில் உதறும். ஆனால் அதன் பித்தளைக் கிளீட் எங்கள் மணலில் சீக்கிரம் தேயும், மாற்றுக் கிளீட் கையில் இருக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர், பூட்டிய பிறகும் கால் எவ்வளவு அசைய இடமிருக்கிறது என்று கேட்டு வாங்க வேண்டும்: எஸ்.பி.டி.யில் சுமார் 4 டிகிரி, எக்பீட்டரில் சுமார் 6. கிளீட்டை விரல்பக்கம் தள்ளாமல் முன்பாதத்தின் உருண்டைக்குக் கொஞ்சம் பின்னே, அவரவர் கால் இயல்பாக நிற்கும் கோணத்திலேயே திருக வேண்டும்; வலிக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும். முடிவு செய்ய முடியாதவருக்கு, நடுவே வில்லும் சுற்றிலும் அகலச் சட்டமும் உள்ள பெடல் இருக்கிறது. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் பூட்டு என்ற வகையும் இருக்கிறது, பாதையின் நடுவே சரியான பக்கத்தைத் தேடும் எரிச்சலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால். உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவைச் சைவ சித்தாந்தம் ஒன்றாய், வேறாய், உடனாய் என்று மூன்று நிலையிலும் வைத்தது. பெடலுக்கும் காலுக்கும் அந்த மூன்றும் வேண்டும். பூட்டுவாதிக்கு ஒன்று மட்டுமே தெரியும்.

அவர் பதில் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன், எழுத வேண்டும். மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை சொன்னால் போதும். பாதிச் சக்தி வீணாகிறது என்பதற்கு அளவீடு எது? மேலே இழுத்தால் கழலும் கிளீட்டை மாட்டிக்கொண்டு மேலே எப்படி இழுப்பது? முகாம் கட்டணத்தில் பெடலின் விலை எவ்வளவு? முதல் இரண்டுக்கும் விடை கிடைக்காது என்று எனக்குத் தெரியும். மூன்றாவதற்கு அவரிடம் துல்லியமான எண் இருக்கும்; கட்டுரை முழுவதிலும் அவர் சரிபார்த்து வைத்திருக்கக்கூடிய எண் அது ஒன்றுதான்.